அக்னர் கிராரப் ஏர்லாங் (1878 – 1929): காத்திருக்கும் நேரத்தைக் கணித்தவர்



வலையமைப்புப் பற்றிய வினாக்களில் ஊடக அணுகல் நடப்பொழுங்குகளின் வினைத்திறனை ஒப்பிடுமாறு கேட்கப்படுவதுண்டு. ஒரே நாரையோ வடத்தையோ பல கணினிகள் பங்கிடும்போது எது முதலில் அனுப்புவது, மற்றவை எவ்வளவு நேரம் காத்திருப்பது, மோதல் எத்தனை தடவை ஏற்படும் என்பனவே அவ்வினாக்களின் உட்பொருள் ஆகும். இவற்றுக்கு விடை காணும் கணிதத்தைத் தொடக்கி வைத்தவர் கணினியையோ ஒளியியல் நாரையோ கண்டவர் அல்லர். அவை தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்த டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் ஏ. கே. ஏர்லாங் என்பவரே அவர். அவரது வாழ்க்கையையும், அவர் கண்ட முறை இன்றைய ஒளியியல் வலையமைப்புகளில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதையும் இங்கு கற்போம். கணக்குகளை வாசித்துவிட்டுச் செல்லாமல், தாளில் செய்து பாருங்கள்.

1. இளமைக் காலம்

ஏர்லாங் 1878 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1 ஆம் திகதி டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் உள்ள லொன்போர்க் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் நீல்சன் ஏர்லாங் அக்கிராமப் பாடசாலையின் ஆசிரியர். தாயார் மக்டலீன் கிராரப் சமயப் பணியாளர்களைக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். அவரது மூதாதையருள் ஒருவர் தோமஸ் ஃபிங்க் என்னும் கணிதவியலாளர் ஆவார். திரிகோணகணிதத்தில் நீங்கள் பயன்படுத்தும் தான்சன், சீக்கன் என்னும் பெயர்களை 1583 இல் தமது நூலில் அறிமுகப்படுத்தியவர் இவரே.

ஏர்லாங்குக்கு ஒரு தமையனும் இரண்டு சகோதரிகளும் இருந்தனர். தமையனுக்கு எதிரே அமர்ந்து அவர் படிக்கும் புத்தகத்தைத் தலைகீழாகவே வாசிப்பது சிறுவன் ஏர்லாங்கின் வழக்கம். வானியலில் மிகுந்த விருப்பம் கொண்டிருந்த அவர், அவ்விடயம் பற்றிக் கவிதைகளும் எழுதினார்.

ஆரம்பக் கல்வியைத் தந்தையாரின் பாடசாலையிலேயே பெற்றார். 14 ஆவது வயதில் கொப்பன்ஹேகனில் முன்னிலைப் பரீட்சைக்குத் தோற்றினார். குறிக்கப்பட்ட வயதை அடையாதிருந்தமையால் விசேட அனுமதி பெற வேண்டியிருந்தது. பரீட்சையில் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். ஆயினும் உடனே மேற்படிப்புக்குச் செல்லவில்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் தந்தையாரின் பாடசாலையில் உதவி ஆசிரியராகக் கடமையாற்றினார். அக்காலத்தில் பிரெஞ்சு மொழியையும் இலத்தீன் மொழியையும் கற்றுக்கொண்டார்.

மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தந்தையார் விரும்பினார். ஆனால் கிராம ஆசிரியர் ஒருவரின் வருமானம் அதற்குப் போதாது. தூரத்து உறவினர் ஒருவர் ஹில்லெரொட் நகரில் தமது வீட்டில் உணவும் உறைவிடமும் தர முன்வந்தார். அங்கிருந்த பிரெடெரிக்ஸ்போர்க் பாடசாலையில் ஆயத்தஞ்செய்து 1896 இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையில் ஏர்லாங் சிறப்பாகச் சித்தியடைந்தார். புலமைப்பரிசிலும் கிடைத்தது. அந்த உறவினரின் உதவியும் இந்தப் புலமைப்பரிசிலும் இல்லையெனில் அவர் லொன்போர்க்கிலேயே உதவி ஆசிரியராக இருந்திருக்கக்கூடும்.

2. ஆசிரியப் பணியும் கணிதச் சங்கமும்

1901 ஆம் ஆண்டு கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், வானியல், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைத் துணைப்பாடங்களாகவும் கொண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஏழு ஆண்டுகள் பல பாடசாலைகளில் கற்பித்தார். கற்பித்தலோடு நின்றுவிடாது கணித ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். நுண்கணிதப் பிரசினங்களை ஹைகன்ஸ் தீர்த்த முறை பற்றிப் பல்கலைக்கழகம் நடத்திய பரிசுப் போட்டிக்கு 1904 இல் அவர் எழுதிய கட்டுரை பாராட்டைப் பெற்றது.

டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்கு ஏர்லாங் தவறாது செல்வார். அங்கே யோஹான் ஜென்சன் என்பவரின் அறிமுகம் கிடைத்தது. இன்று ஜென்சனின் சமனிலி என அறியப்படும் முடிவைத் தந்தவர் இவர். தொழிலால் அவர் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியின் பிரதம பொறியியலாளர். ஓய்வு நேரத்திலேயே கணிதம் செய்தார். ஜென்சன் மூலம் கம்பனியின் முகாமைப் பணிப்பாளர் ஜொஹான்சனுக்கு ஏர்லாங் அறிமுகமானார். தொலைபேசிப் பிரச்சினைகளுக்கு நிகழ்தகவைப் பயன்படுத்தலாம் என ஜொஹான்சன் அதற்கு முன்னரே எண்ணி, 1907 இல் கட்டுரையும் எழுதியிருந்தார். அவ்வேலையை முழுமையாகச் செய்ய ஒரு கணிதவியலாளர் அவருக்குத் தேவைப்பட்டார். 1908 ஆம் ஆண்டு ஏர்லாங் அக்கம்பனியில் சேர்ந்து, அதன் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாளரானார்.

3. தொலைபேசி நிலையத்தின் பிரச்சினை

அக்காலத் தொலைபேசி நிலையத்தை மனக்கண்ணிற் காணுங்கள். சந்தாதாரர் ஒருவர் அழைத்தால், நிலையத்தில் இருக்கும் பணியாளர் கையால் செருகியைப் பொருத்தி மறுமுனையுடன் இணைப்பார். ஒரு கிராமத்திலிருந்து வெளியூருக்குச் செல்லும் கம்பிகள் சிலவே. எல்லாக் கம்பிகளும் ஈடுபட்டிருக்கும்போது புதிய அழைப்பு வந்தால் அது காத்திருக்க வேண்டும், அல்லது இழக்கப்படும்.

ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு கம்பி வீதம் வெளியூருக்கு இடுவதெனில் செலவு தாங்காது. மிகக் குறைவாக இட்டால் அவசர வேளையில் வைத்தியரைக்கூட அழைக்க முடியாது போகும். எத்தனை கம்பிகள் போதும்? ஏர்லாங்குக்கு முன்னர் இதற்கு அனுபவத்தையும் ஊகத்தையும் கொண்டே பெரும்பாலும் விடை கூறினர். கம்பிகளுக்குப் பதிலாக நாரையும் அழைப்புகளுக்குப் பதிலாகத் தரவுச் சட்டகங்களையும் கொண்டால், உங்கள் பாடத்திலுள்ள ஊடக அணுகற் பிரச்சினை இதுவே என்பதை அவதானியுங்கள்.

4. 1909: அழைப்புகளின் பரம்பல்

ஏர்லாங்கின் முதலாவது முக்கிய கட்டுரை 1909 இல் டென்மார்க் கணிதச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. நிகழ்தகவுக் கொள்கையும் தொலைபேசி உரையாடல்களும் என்பது அதன் பொருள். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத பலர் எழுமாறாக அழைக்கும்போது, குறித்த நேர இடைவெளியில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பொயிசோன் பரம்பலைப் பின்பற்றும் என அதில் காட்டினார். ஒரு பணியாளர் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரே அளவு நேரம் செலவிட்டால் காத்திருப்பு எவ்வளவாகும் என்பதையும் ஆராய்ந்தார்.

உதாரணம் 1: ஒரு நிலையத்துக்கு மணித்தியாலத்துக்குச் சராசரியாக 40 அழைப்புகள் வருகின்றன. 3 நிமிட இடைவெளியில் வரும் அழைப்புகளைக் கருதுக.

3 நிமிடத்தில் வரும் சராசரி அழைப்புகள் = 40 × 3 ÷ 60 = 2.

பொயிசோன் பரம்பலின்படி அந்த 3 நிமிடத்தில்
அழைப்பு எதுவும் வராதிருக்கும் நிகழ்தகவு 0.135
1 அழைப்பு வரும் நிகழ்தகவு 0.271
2 அழைப்புகள் வரும் நிகழ்தகவு 0.271
3 அழைப்புகள் வரும் நிகழ்தகவு 0.180
4 அழைப்புகள் வரும் நிகழ்தகவு 0.090
4 இலும் கூடுதலாக வரும் நிகழ்தகவு 0.053

சராசரி 2 ஆக இருந்தும், இருபதில் ஒரு தடவை அளவில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட அழைப்புகள் வந்து குவிகின்றன. சராசரிக்கு மட்டும் போதுமான கம்பிகளை இட்டால் சேவை ஏன் தடைப்படுகின்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

5. 1917: இழப்புச் சூத்திரம்

தன்னியக்கத் தொலைபேசி நிலையங்கள் வரத் தொடங்கிய காலத்தில், 1917 இல், ஏர்லாங் தமது மிகப் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். எல்லாக் கம்பிகளும் ஈடுபட்டிருப்பதால் ஓர் அழைப்பு இழக்கப்படும் நிகழ்தகவுக்கும், காத்திருக்க அனுமதிக்கும் தொகுதியில் காத்திருப்பு நேரத்துக்கும் சூத்திரங்கள் அதில் உள்ளன. பிரித்தானியத் தபால் திணைக்களம் தனது சுற்றுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க அச்சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது.

சூத்திரத்தை மனனஞ் செய்ய முன், கணிக்கும் ஒழுங்கை விளங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: போக்குவரத்துச் செறிவைக் காண்க. மணித்தியாலத்துக்கான அழைப்புகளை, ஓர் அழைப்பின் சராசரி நீளத்தால் (மணித்தியாலத்தில்) பெருக்குக. இதன் அலகு ஏர்லாங்.
படி 2: முதலாம் உறுப்பு 1 என எழுதுக.
படி 3: அடுத்த உறுப்பைப் பெற, முந்திய உறுப்பைச் செறிவால் பெருக்கி, கம்பியின் தொடரிலக்கத்தால் வகுக்க. கம்பிகள் முடியும் வரை தொடர்க.
படி 4: இறுதி உறுப்பை எல்லா உறுப்புகளின் கூட்டுத்தொகையால் வகுக்க. கிடைப்பதே இழப்பு நிகழ்தகவு.

உதாரணம் 2: மணித்தியாலத்துக்கு 40 அழைப்புகள்; ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். செறிவு = 40 × 3 ÷ 60 = 2 ஏர்லாங்.

உறுப்புகள்: 1, 2, 2, 1.333, 0.667, 0.267, 0.089

2 கம்பிகள்: 2 ÷ 5 = 40%
3 கம்பிகள்: 1.333 ÷ 6.333 = 21.1%
4 கம்பிகள்: 0.667 ÷ 7 = 9.5%
5 கம்பிகள்: 0.267 ÷ 7.267 = 3.7%
6 கம்பிகள்: 0.089 ÷ 7.356 = 1.2%

இரண்டு கம்பிகளுக்குரிய வேலையே இருந்தும், நூற்றில் ஓர் அழைப்பளவிலேயே இழக்க வேண்டுமெனில் ஆறு கம்பிகள் தேவைப்படுகின்றன. பரீட்சையில் இவ்விடயத்தை ஒரு வசனத்தில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்: போக்குவரத்து எழுமாறாக வரும்போது, சராசரித் தேவைக்கு மேலான கொள்திறன் அவசியமாகும்.

உதாரணம் 3: அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் 1 ஏர்லாங் செறிவும் 2 கம்பிகளும் உள்ளன. தனித்தனியே இருக்கும்போது உறுப்புகள் 1, 1, 0.5, இழப்பு 0.5 ÷ 2.5 = 20%. இரண்டையும் சேர்த்து 2 ஏர்லாங்குக்கு 4 கம்பிகளைப் பொதுவாக வைத்தால் இழப்பு 9.5%. கம்பி ஒன்றேனும் கூட்டப்படவில்லை. பங்கிட்டதால் மட்டும் இழப்புப் பாதியிலும் குறைந்துவிட்டது. ஓர் ஊடகத்தைப் பலர் பொதுவாகப் பயன்படுத்தும் வலையமைப்புகளுக்கு அடிப்படை நியாயம் இதுவே.

6. காத்திருப்பு நேரம்

காத்திருக்க அனுமதிக்கும் ஒற்றைக் கம்பியில், கம்பி எவ்வளவு வீதம் ஈடுபட்டுள்ளதோ அதைப் பொறுத்துக் காத்திருப்பு அமையும். உரையாடல்களின் நீளம் எழுமாறாக மாறுபடுமாயின் சராசரிக் காத்திருப்பு, ஓர் உரையாடலின் சராசரி நீளத்தின் மடங்குகளில் பின்வருமாறு அமையும்.

ஈடுபாடு 50%: 1 மடங்கு
ஈடுபாடு 80%: 4 மடங்கு
ஈடுபாடு 90%: 9 மடங்கு
ஈடுபாடு 95%: 19 மடங்கு

எல்லா உரையாடல்களும் ஒரே நீளமாக இருந்தால் இவை பாதியாகும்: முறையே 0.5, 2, 4.5, 9.5. இரண்டு முடிவுகளை இதிலிருந்து பெறலாம். முதலாவது, ஊடகத்தை முழுமையாகப் பயன்படுத்த முயன்றால் காத்திருப்பு எல்லையின்றி வளரும். இரண்டாவது, சேவை நேரம் ஒழுங்காக இருந்தால் காத்திருப்புக் குறையும். வினைத்திறன் வளையியை வரையுமாறு கேட்டால், ஆரம்பத்தில் மெதுவாக எழுந்து 100% ஐ அணுகும்போது செங்குத்தாக உயரும் வளையியை வரையுங்கள்.

7. ஏணியுடன் சென்ற கணிதவியலாளர்

ஏர்லாங் காகிதத்தில் மட்டும் வேலை செய்தவர் அல்லர். ஆய்வுகூடத்தின் தொடக்க காலத்தில் அவருக்கு உதவியாளர்கள் இருக்கவில்லை. நிலத்தடிக் கேபிள்களில் கசிந்தோடும் மின்னோட்டத்தை அளக்க அவரே சென்றார். ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் உடன்வர, கொப்பன்ஹேகன் வீதிகளில் ஆள்நுழை குழிகளுக்குள் இறங்கி அளவீடுகளை எடுத்தார். நான்கு தசம இலக்க மடக்கை அட்டவணைகளையும் தயாரித்து வெளியிட்டார்.

அவர் திருமணம் செய்யவில்லை. இரவு நெடுநேரம் வரை வேலை செய்வார். கணிதம், வானியல், பௌதிகவியல் நூல்களைக் கொண்ட பெரிய நூலகமொன்றைச் சேர்த்திருந்தார். வறியோர் பலர் உதவி கேட்டு ஆய்வுகூடத்துக்கே வருவர். பிறர் அறியாத வகையில் அவர்களுக்கு உதவினார்.

கம்பனியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணிபுரிந்த காலத்தில் நோயென்று ஒரு நாளேனும் அவர் விடுமுறை எடுத்ததில்லை என்பர். 1929 ஜனவரியில் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். சில நாட்களில், 1929 பெப்ரவரி 3 ஆம் திகதி, தமது 51 ஆவது வயதில் காலமானார்.

அவரது முக்கிய கட்டுரைகள் முதலில் டேனிஷ் மொழியிலேயே வெளியாகின. சிறிய நாடொன்றின் மொழியில் எழுதப்பட்டபோதிலும் அவை மறையவில்லை. அவற்றை மூலத்திலேயே வாசிப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் டேனிஷ் மொழியைக் கற்றார் எனக் கூறப்படுகின்றது. 1946 இல் சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழு போக்குவரத்துச் செறிவின் அலகுக்கு ஏர்லாங் எனப் பெயரிட்டது. 1948 இல் அவரது வாழ்க்கையும் ஆக்கங்களும் தொகுக்கப்பட்டு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. 1980 களில் எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய கணினி மொழியொன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

8. கம்பியிலிருந்து ஒளியியல் நாருக்கு

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1971 இல் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பு, தீவுகளில் இருந்த கணினி முனையங்களை ஒரே வானொலி அலைவரிசையில் இணைத்தது. ஒவ்வொன்றும் நினைத்த நேரத்தில் அனுப்பும். மோதினால் சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்பும். சட்டகங்கள் பொயிசோன் பரம்பலின்படி வருமெனக் கொண்டால், அதாவது ஏர்லாங் தொலைபேசிக்குக் காட்டிய அதே எடுகோளின்படி, அலைவரிசையின் உச்சப் பயன்பாடு 18.4% மட்டுமே. நேரத்தைச் சம துண்டுகளாகப் பிரித்துத் துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்ப அனுமதித்தால் இது இருமடங்காகி 36.8% ஆகும்.

1973 இல் தொடங்கிய ஈதர்நெற், அனுப்புமுன் ஊடகத்தைக் கேட்டது. மோதல் உணரப்பட்டால் உடனே நிறுத்தியது. குறுகிய வடத்தில் இம்முறை சிறப்பாக இயங்கியது. இதற்கிடையே, 1966 இல் சார்ள்ஸ் காவோ, தூய்மையான கண்ணாடி நாரால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் எனக் காட்டினார். 1970 இல் கோர்னிங் நிறுவனம் அத்தகைய குறைந்த இழப்புள்ள நாரைச் செய்தது. நாரின் வேகத்தை இடத்துரி வலையமைப்பிற் பயன்படுத்த முனைந்தபோது புதிய சிக்கல் எழுந்தது.

கண்ணாடியில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். எனவே 1 கிலோமீற்றரைக் கடக்க 5 மைக்குரோ செக்கன் ஆகும். அனுப்பும் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த நேரம் மாறாது.

உதாரணம் 4: 2 கிலோமீற்றர் நார், 1000 பிற் நீளமான சட்டகம். செல்லுகை நேரம் 10 மைக்குரோ செக்கன். செல்லுகை நேரத்தைச் சட்டகத்தை அனுப்பும் நேரத்தால் வகுத்து விகிதத்தைக் காண்க. ஈதர்நெற் முறையின் வினைத்திறன் அண்ணளவாக, 1 ஐ (1 + 5 × விகிதம்) ஆல் வகுக்கக் கிடைக்கும்.

செக்கனுக்கு 10 மெகாபிற்: அனுப்பும் நேரம் 100; விகிதம் 0.1, வினைத்திறன் 67%
செக்கனுக்கு 100 மெகாபிற்: அனுப்பும் நேரம் 10, விகிதம் 1, வினைத்திறன் 17%
செக்கனுக்கு 1000 மெகாபிற்: அனுப்பும் நேரம் 1, விகிதம் 10, வினைத்திறன் 2%
(நேரங்கள் மைக்குரோ செக்கனில்)

இறுதி இரண்டு நிலைகளில் வேறொரு குறையும் உண்டு. மோதிய செய்தி திரும்பி வருமுன்னரே சட்டகம் அனுப்பி முடிந்துவிடும். ஆகவே மோதலை உணரவே முடியாது. கேட்டுவிட்டுப் பேசும் முறை, பேச்சு முடிந்த பின்னரே ஓசை கேட்கும் மண்டபத்தில் பயன்படாது அல்லவா? அதுபோன்றதே இது.

ஆகவே 1980 களில் வகுக்கப்பட்ட எப்.டி.டி.ஐ. என்னும் நார் வலையமைப்பு மோதலைத் தவிர்த்து, வளையத்தில் சுற்றும் வில்லை முறையைக் கையாண்டது. வில்லையைப் பெற்ற நிலையம் மட்டுமே அனுப்பலாம். அதன் வேகம் செக்கனுக்கு 100 மெகாபிற். 500 நிலையங்கள் வரையும் மொத்தம் 200 கிலோமீற்றர் நார் வரையும் இணைக்கலாம். 200 கிலோமீற்றர் நாரில் ஒளி ஒருமுறை சுற்ற 1 மில்லிசெக்கன் ஆகும். வில்லை திரும்பி வருவதற்கு இலக்கு நேரம் ஒன்று விதிக்கப்படும். நிலையங்கள் பல எப்போதும் அனுப்பக் காத்திருந்தால் வினைத்திறன் அண்ணளவாகப் பின்வருமாறு அமையும்.

இலக்கு நேரம் 2 மில்லிசெக்கன்: (2 − 1) ÷ 2 = 50%
இலக்கு நேரம் 10 மில்லிசெக்கன்: (10 − 1) ÷ 10 = 90%

வினைத்திறன் கூடும்போது ஒவ்வொரு நிலையமும் காத்திருக்கும் நேரமும் கூடுகின்றது. ஆயினும் வில்லை திரும்பி வரும் நேரம் இலக்கின் இருமடங்கை மிஞ்சாது என்பது நிறுவப்பட்டுள்ளது. குரல் போன்ற, தாமதத்தைப் பொறுக்காத செய்திகளுக்கு இந்த உறுதிப்பாடு முக்கியமானது.

பின்னர் ஆளிகள் மலிவானதும் ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைப்பு வழங்கப்பட்டு, இடத்துரி வலையமைப்புகளில் எப்.டி.டி.ஐ. வழக்கொழிந்தது. ஆனால் பங்கிடும் பிரச்சினை மறையவில்லை. 2004 இல் நியமமாக்கப்பட்ட ஈதர்நெற் செயலற்ற ஒளியியல் வலையமைப்பில், ஒரு நார் பிரிக்கப்பட்டுப் பல இடங்களுக்குச் செல்கின்றது. மேல்நோக்கி அனுப்பும் பயனர்கள் ஒருவர் மற்றவரைக் கேட்க முடியாது. எனவே மையக் கருவி ஒவ்வொருவரின் கோரிக்கையையும் பெற்று நேரத்தை ஒதுக்குகின்றது. 20 கிலோமீற்றர் தூரத்துக்குக் கோரிக்கை சென்று விடை திரும்ப 200 மைக்குரோ செக்கன் ஆகும். யாருக்கு எவ்வளவு நேரம், எந்த ஒழுங்கில் என்பதைத் தீர்மானிப்பவர் இன்றும் வரிசைக் கொள்கையையே நாடுகின்றார்.

9. சூத்திரத்தின் எல்லை

எச்சூத்திரமும் அதன் எடுகோள்களுக்குள்ளேயே உண்மையாகும். அழைப்பவர்கள் ஒருவரையொருவர் சாராது எழுமாறாக அழைக்கின்றனர் என்பது ஏர்லாங்கின் எடுகோள். தொலைபேசிக்கு அது நன்கு பொருந்தியது. கணினித் தரவு அவ்வாறு வருவதில்லை. ஒரு கோப்பை அனுப்பும்போது சட்டகங்கள் கூட்டமாக வரும், பின் அமைதி நிலவும். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் 1989 முதல் 1992 வரை ஈதர்நெற் போக்குவரத்து நுணுக்கமாக அளக்கப்பட்டது. பொயிசோன் போக்குவரத்து நீண்ட இடைவெளிகளிற் பார்க்கும்போது சீராகிவிடும். ஆனால் அளக்கப்பட்ட போக்குவரத்து எந்த நேர அளவையில் பார்த்தாலும் ஏற்ற இறக்கத்துடனேயே இருந்தது. பொயிசோன் எடுகோளைக் கொண்டு கணித்தால் இழப்பையும் தாமதத்தையும் குறைத்து மதிப்பிட நேரிடும் என்பது இதனால் தெளிவாகியது.

இதனால் ஏர்லாங்கின் பணி குறைவுபடவில்லை. அளவீட்டையும் கணிப்பையும் ஒன்றாகக் கொண்டவர் அவர். கம்பிகள் அளக்கப்பட வேண்டியிருந்தபோது குழிக்குள் இறங்கினார். போக்குவரத்தை அளந்து எடுகோளைச் சோதித்த பிற்கால ஆய்வாளர்களும் அதே வழியிலேயே சென்றனர். நீங்களும் விடை எழுதும்போது, பயன்படுத்தும் எடுகோளை முதல் வரியிலேயே குறிப்பிடப் பழகுங்கள். எடுகோள் கூறப்படாத விடை, எண் சரியாக இருந்தாலும் குறைபாடுடையதே.

நினைவிற் கொள்க

• 1 ஏர்லாங் என்பது ஒரு கம்பி முழு நேரமும் ஈடுபட்டிருத்தலுக்குச் சமன்.
• 1909: அழைப்புகள் பொயிசோன் பரம்பலைப் பின்பற்றும் எனக் காட்டினார். 1917: இழப்பு, காத்திருப்புச் சூத்திரங்களை வெளியிட்டார்.
• வளங்களைப் பொதுவாக்கினால் இழப்புக் குறையும்.
• ஈடுபாடு 100% ஐ அணுகும்போது காத்திருப்பு விரைவாக வளரும்.
• நாரில் வேகம் கூடும்போது செல்லுகை நேரத்தின் செல்வாக்குக் கூடும்; மோதல் முறை வினைத்திறன் இழக்கும்.
• வில்லை முறையில் வினைத்திறனுக்கும் காத்திருப்புக்கும் இடையே சமநிலை காண வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு நிலையத்துக்கு மணித்தியாலத்துக்கு 30 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 2 நிமிடம். செறிவைக் காண்க. 3 கம்பிகள் இருப்பின் இழப்பு நிகழ்தகவு யாது?
2. 1 கிலோமீற்றர் நாரில் 1000 பிற் சட்டகம் செக்கனுக்கு 100 மெகாபிற் வேகத்தில் அனுப்பப்படுகின்றது. செல்லுகை நேர விகிதத்தையும் ஈதர்நெற் முறையின் அண்ணளவான வினைத்திறனையும் காண்க.
3. மோதல் முறைக்கும் வில்லை முறைக்கும் இடையிலான இரண்டு வேறுபாடுகளை, வினைத்திறன் நோக்கில் விளக்குக.
4. பொயிசோன் எடுகோள் கணினித் தரவுக்கு எப்போதும் பொருந்தாமைக்குக் காரணம் தருக.

விடைக் குறிப்புகள்

1. செறிவு 1 ஏர்லாங். உறுப்புகள் 1, 1, 1/2, 1/6. இழப்பு = (1/6) ÷ (16/6) = 1/16 = 6.25%.
2. செல்லுகை நேரம் 5, அனுப்பும் நேரம் 10 மைக்குரோ செக்கன். விகிதம் 0.5. வினைத்திறன் 1 ÷ 3.5 = 29%.
3. பகுதி 8 ஐ நோக்குக. மோதலால் வீணாகும் நேரத்தையும், காத்திருப்பின் உச்ச எல்லை உறுதி செய்யப்படுவதையும் குறிப்பிடுக.
4. சட்டகங்கள் ஒன்றையொன்று சாராது வருவதில்லை. கூட்டமாக வருகின்றன என்பதை உதாரணத்துடன் எழுதுக.